வெள்ளைப் பெட்டியின் ப்ளக்

என் மருமகள் அடி வாங்கியதற்குக் காரணம் நான். ஆள் முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. ஐந்தாவதோடு நின்றவள். எழுதினால் யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

மகன் ஹேவ்லாக் தீவில் டூரிஸ்டுகளைக் கடலுக்கடியில் படம் எடுக்கிறவன். வாரம் ஒருமுறை கப்பலேறி குட்வில் எஸ்டேட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவான், வீட்டிலேயே இருக்கும் லேப்டாப்பில் படங்களை ஏற்றுவான். லேப்டாப் கெட்டாலும் படம் போகக்கூடாது என்று மேசைக்கடியில் கருப்பாக ஒரு பெட்டி வைத்தான். தினமும் மதியம் இரண்டு மணிக்கு லேப்டாப் தானே வைஃபை வழியாக எல்லாவற்றிலும் ஒரு நகல் அதற்கு அனுப்பும். "அம்மா, இந்தக் கருப்புப் பெட்டியை மட்டும் தொட்டுடாதே" என்றான். நான் தொடவே இல்லை.

எங்கள் தீவில் போன கரண்ட் சும்மா திரும்பாது, உதைத்துக்கொண்டு வரும். மூன்று மாதம் முன்னால் அப்படி வந்து எங்கள் ஃப்ரிட்ஜ் புகைந்தது. அன்றிலிருந்து மதியம் படுக்குமுன் ப்ளக்குகளைப் பிடுங்கிவிடுவேன். டிவி, மிக்ஸி, கொம்பு வைத்த அந்த வெள்ளை வைஃபை பெட்டி. நாலு மணிக்கு எழுந்து மறுபடி சொருகுவேன். வெள்ளையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லையே. கருப்பில் பச்சை விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை லேப்டாப் திறக்கவில்லை. உள்ளே டிஸ்க் போச்சு என்றார்கள் ரிப்பேர்க் கடையில். "இருக்கட்டும், பெட்டியில இருக்கு" என்று சிரித்துக்கொண்டுதான் வந்தான். மருமகள் தன் போனில் பெட்டியைத் திறந்தாள். ஒன்பது வருஷப் படம் இருந்தது. கடைசி மூன்று மாதம் இல்லை.

"லேப்டாப்பை மூடிவச்சிட்டு வேலைக்குப் போயிருக்கே."

"மூடலைங்க. திறந்துதான் இருக்கும்."

அறைந்தான். அடுப்படியில் நான் நறுக்கிய வெங்காயத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாஸ்வேர்டைப் பார்த்தாள். பெட்டியில் இடம் இருக்கிறதா பார்த்தாள். தன் லேப்டாப்பிலிருந்து ஒரு படத்தை அனுப்பினாள், போய்ச் சேர்ந்தது. "பெட்டி நல்லாத்தான் இருக்கு."

"அரே, அப்ப நான் பொய் சொல்றேனா?"

"உங்க போனைக் குடுங்க." திறக்காத மெயில் ஆயிரக்கணக்கில் கிடந்தது. அவள் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். "ரெண்டு மணிக்குப் பெட்டி கிடைக்கலைன்னு தினமும் வந்திருக்கு. தினமும் சரியா நாலு மணிக்குத்தான் வந்திருக்கு. மூணு மாசமா ஒண்ணுகூடப் படிக்கலையா நீங்க?"

நாலு மணி என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. வெள்ளையை நான் மறுபடி சொருகுகிற நேரம். வாய் திறக்கவில்லை.

அந்தக் கேள்விதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. கூந்தலைச் சுற்றிப் பிடித்துக் கதவுச் சட்டத்தில் அவள் தலையை மோதினான். மறுபடியும் மோதினான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. ரப்பர் தோட்டத்து லைன் வீட்டில் என் புருஷன் என்னை அடிக்கும்போது பக்கத்து வீட்டில் ரேடியோவைக் கூட்டிவைப்பார்கள். அந்தச் சத்தம் எனக்கு இப்போது கேட்டது.

"நான்தான்டா" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. போய் வெள்ளைப் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கிக் கையில் தூக்கிக் காட்டினேன். "இதை நான்தான் தினமும் பிடுங்கினேன். அவளை விடு."

விட்டான். என்னிடம் வந்தான். நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதில் அலமாரியில் இடித்து விழுந்தேன். பிறகு இடுப்பில் கட்டி முங்குகிற ஈயக் கட்டியை எடுத்தான். கருப்புப் பெட்டியின் மேல் நாலு அடி. பச்சை விளக்கு அணைந்த பிறகும் அடித்தான்.

மருமகள் முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டு சொன்னாள்: "ஒன்பது வருஷமும் அதுலதான் இருந்துச்சு."

அவன் கட்டியைக் கீழே போட்டான். குனிந்து துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

புருவத்தில் நாலு தையல். திங்கட்கிழமை அவள் பாராடாங் தீவில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். கூப்பிடாமலே நானும் ஏறினேன். வழியில் கடற்கழியைப் படகில் கடக்கும்போது கேட்டாள்.

"அவர் என் முடியைப் பிடிக்கும்போது உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"பயம்."

அவள் தன் பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். நான் அதை நகர்த்தவில்லை.