நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். முப்பது வருடமாக அடுக்குமாடிகளின் உச்சியில், மோட்டார் அறைகளிலேயே பாதி ஆயுளைக் கழித்த மனுஷன். லிப்ட் லேசாக முனகினாலும் போதும், எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காதுக்குப் பெற்ற மகளின் பாட்டு மட்டும் ஏறவில்லை.

போன வருடம் எங்கள் குடியிருப்பின் ஆண்டு விழா. மகள் கணக்கு வேலையை விட்டுவிட்டுப் பாடப்போகிறேன் என்று சொன்ன அதே வாரம். அவள் மேடையில் பாடிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கிக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தவர் இவர்தான். பாட்டு பாதியில் இருக்கும்போது விறுவிறுவென்று போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். "போதும், இறங்கு" என்றார். இருநூறு பேர் முன்னால் அவள் வாய் மட்டும் இன்னும் இரண்டு வரி அசைந்துகொண்டிருந்தது. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுவாரமே அவள் தோழியோடு தனி அறை பார்த்துப் போய்விட்டாள். எனக்கு மட்டும் போன் வரும். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். இவர் மட்டும் வீம்பில் குறைந்தவரா என்ன? நான் அவளோடு பேசும்போது டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, செய்திகளை ஊமைப்படமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வருடம் ஏணியிலிருந்து சறுக்கி இவருக்குக் கணுக்கால் முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. சும்மா இருக்கத் தெரியாத ஆள் வீட்டில் இருந்தால் என்ன ஆகும்? ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த என் மிக்ஸியைக் கழற்றினார். கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். மூன்றாம் நாள், மகள் விட்டுப்போன கேம் பெட்டியை டிவியில் மாட்டினார்.

ஜப்பான்காரர்களின் விளையாட்டு அது. பாப் பாடகர்களாக ஆசைப்படும் பிள்ளைகளின் கதை. வேறொரு பழைய போர் விளையாட்டின் வீரர்கள் ஆவியாக வந்து இந்தப் பிள்ளைகளுக்குத் துணை நிற்பார்கள். எதிரே விதவிதமான பூதங்கள். ஒருத்தி அடித்தால் அடுத்தவன் தொடர்ந்து அடிப்பான். நடுநடுவே மேடை, விளக்கு, பாட்டு.

"என்னங்க இது, பேய் ஓட்டுறாங்களா, கச்சேரி பண்றாங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான். பேசாம பாரு."

நாலு வாரம் இப்படியே ஓடியது. ஒருநாள் மகள் போன் செய்தாள். "அம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து என் கேம் பெட்டியை எடுத்துக்கறேன். தொண்ணூறு மணி நேரம் ஆடி வச்சிருக்கேன், கடைசிச் சண்டை மட்டும்தான் பாக்கி. எனக்கு முதல் மேடைக்குத் தேதி கிடைச்சிருச்சு. அன்னிக்குக் காலையில அதை முடிச்சிட்டுத்தான் கிளம்பணும்."

இவரிடம் சொன்னேன். முகம் செத்துப்போயிற்று. "அவ ஆடி வச்சது இப்ப இல்ல. அழிச்சிட்டேன்" என்றார்.

முதல் நாள், மகள் ஆடிப் பதிந்து வைத்திருந்த பழைய ஆட்டத்தின் மேலேயே புதியதைப் பதியட்டுமா என்று பெட்டி கேட்டதாம். "எங்க லிப்ட் கன்ட்ரோலர்ல புது செட்டிங்கைப் பழசு மேலதான் ஏத்துவோம். கை தன்னால அழுத்திருச்சு. அன்னிக்கு பிளக்கைப் பிடுங்கினேன், இப்ப இது. இனிமே அவ என் மூஞ்சியில முழிப்பாளா?"

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் விட்ட இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்திவிடுவது என்று உட்கார்ந்தார். நான் மருந்துக்கடை வேலைக்குப் போகும்போதும் ஆட்டம், திரும்பி வரும்போதும் ஆட்டம். பாட்டை வெட்டிவிட ஒரு பட்டன் இருப்பதை நானே திரையில் பார்த்துச் சொன்னேன். "அதை அழுத்தினா நேரம் மிச்சமாகும்ல?" காதில் விழாதவர் போல இருந்துவிட்டார்.

ஞாயிறு வந்தது. மகளும் வந்தாள். மாவுக்கட்டைப் பார்த்துத் திடுக்கிட்டு, "அப்பாவுக்கு என்னம்மா?" என்று என்னிடம் கேட்டாள். கால் முறிந்ததை நான் போனில் சொல்லியிருக்கவில்லை; அவள் கேட்காததை நானாக ஏன் சொல்ல வேண்டும் என்று எனக்கும் ஒரு வீம்பு இருந்ததே.

இவர் சுற்றி வளைக்கவில்லை. "நீ ஆடி வச்சிருந்ததை அழிச்சிட்டேம்மா. திரும்ப ஆடிப் பார்த்தேன். முடியல."

அவள் பெட்டியைப் போட்டுப் பார்த்தாள். "நூத்திப் பன்னெண்டு மணி நேரமா? ஆனா இன்னும் ரெண்டு அத்தியாயம் பாக்கி இருக்கே. ஒவ்வொரு பாட்டையும் முழுசாவா ஓட விட்டீங்க? நடுவுல நிறுத்த பட்டன் இருக்குப்பா."

ஒரு வருடம் கழித்து இவரையே பார்த்து அவள் அப்பா என்கிறாள்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் அழுத்தல?"

"ஒருத்தி பாடிட்டு இருக்கும்போது..." கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு தடவை நிறுத்தினது போதும்மா. பெரிய தப்பு பண்ணிட்டேன்."

அவள் இவருடைய மாவுக்கட்டுக் காலை மெதுவாக நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடத் தொடங்கினாள். சண்டை சூடுபிடித்துப் பாட்டு எழும்பியதும், பழக்கத்தில் அவள் கட்டைவிரல் அந்தப் பட்டனுக்குப் போனது. அழுத்தாமல் எடுத்துக்கொண்டாள். பாட்டு கடைசிவரை ஓடியது.

"அடுத்த மாசம் பதினாலாம் தேதி, சாயங்காலம் ஆறு மணிக்கு என் கச்சேரி" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கட்டுப் பிரிச்சிருப்பாங்களா?"

"பிரிக்கலன்னாலும் வருவேன்."

"வாங்க. ஆனா பிளக் இருக்கற பக்கம் உங்களுக்கு சீட் கிடையாது."

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சரி என்று தலையாட்டினார்.