ரிப்போர்ட் நார்மல், அத்தான் கன்னம் வீக்கம்

இன்னைக்கு லேப் வாசல்ல வச்சு எங்க அக்கா அத்தானைப் பளார்னு அறைஞ்சிட்டா.

அத்தானுக்கு ஹார்பர்ல கப்பலைக் கயிறு போட்டுக் கட்டுற வேலை. சுகர் வந்து பல வருஷமாச்சு. கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை உண்டு. ரிப்போர்ட்டைப் பிரிச்சாரு, கொலஸ்ட்ரால் நார்மல்.

"இனி இந்த எழவு எதுக்கு?"ன்னு மாத்திரை அட்டையைச் சாக்கடையில வீசிட்டாரு.

அப்பதான் அந்த அறை. அத்தானும் கையை ஓங்குனாரு. நடுவுல பாய்ஞ்சதுல என் சட்டை கிழிஞ்சதுதான் மிச்சம்.

அக்கா விடல. அவர் காலரைப் பிடிச்சு உலுக்குனா.

"கப்பல் ஆடாம நிக்குதுன்னு கயித்த அவுத்து விட்டுருவியளா? மாத்திரை போட்டதாலதான் நார்மல்! சுகர் இருக்கவுக நம்பர் நல்லா இருந்தாலும் போடணும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! எங்கப்பாவும் இப்படி நிறுத்திட்டுத்தான் நெஞ்சைப் பிடிச்சிட்டு விழுந்தாரு!"

ஓங்குன கை தானா இறங்கிட்டு.

புது அட்டை வாங்கிக் கொடுத்துட்டு இப்பதான் வீட்டுக்கு வந்தேன்.

மாத்திரை போட்டா பக்கவிளைவு வரும்னு எங்கயோ வீடியோ பாத்துப் பயந்தவரு அத்தான். போடாட்டி வர்ற பக்கவிளைவு இப்ப இடது கன்னத்துல செவசெவன்னு இருக்கு.

டாக்டர்ட்ட கேக்காம மாத்திரைய நிறுத்தின ஆளு உங்க வீட்ல யாராவது உண்டா? சொல்லுங்க, அக்கா சும்மாதான் இருக்கா.