முசுறுகளுக்கு நாம் போட்ட பாலம்

துர்கா பூஜை, அஷ்டமி காலை. லேக் கார்டன்ஸில் எங்கள் தெருப் பந்தலில் புஷ்பாஞ்சலி நடக்கிறது. கை நிறையப் பூவை வைத்துக்கொண்டு, புரோகிதர் சொல்லச் சொல்ல எல்லோரும் திருப்பிச் சொல்கிறோம். நடுவில் ஒரு குரல் மட்டும் மந்திரத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னது — “ஊ... மாகோ!”

பூஜை கமிட்டி செக்ரட்டரி பிஷு காக்கு (காக்கு என்றால் சித்தப்பா). கழுத்தில் ஒரு முசுறு. பூவைப் போடும்வரை கூப்பிய கையைப் பிரிக்கக் கூடாதே! கடியை வாங்கிக்கொண்டே மந்திரத்தை முடித்தார். முடித்த கையோடு உத்தரவு வந்தது. (அவர் பேசிய வங்காளத்தைத் தமிழில் தருகிறேன்.)

“போக் பிரசாதம் பரிமாறி முடியட்டும். அப்புறம் அந்த மாமரம் முழுக்க மருந்து அடிச்சுடுங்க!”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பந்தலுக்குப் பக்கத்து மாமரத்தில், என் ஜன்னலுக்கு நேர் எதிரேதான் அந்தச் செந்நிற எறும்புகளின் கூடு. அதைக் கட்டியதையே பார்த்தவள் நான்.

எப்படிக் கட்டும் தெரியுமா? வரிசையாக நின்று ஓர் இலையின் ஓரத்தைக் கவ்வி, பக்கத்து இலையை நோக்கி இழுக்கும். எட்டவில்லையா? ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்வும். அதன் இடுப்பை மற்றொன்று. உயிருள்ள சங்கிலி! இலைகள் நெருங்கியதும் வேறு சில, தங்கள் புழுக்குஞ்சுகளை வாயில் தூக்கி வரும். குஞ்சின் வாயிலிருந்து பட்டு நூல் வரும். அதை இங்கும் அங்கும் தொட்டுத் தொட்டு இலைகளை ஒட்டிவிடும். வளர்ந்த எறும்புக்கு நூல் கிடையாது. குழந்தைதான் அந்த வீட்டின் கம் பாட்டில்!

இதற்கா மருந்து? நடக்காது என்று முடிவு செய்தேன்.

ஆனால் செக்ரட்டரியிடம் அழகைச் சொல்லி ஜெயிக்க முடியாது. காரணம் வேண்டும். முசுறு எந்த வழியாகப் பந்தலுக்கு வருகிறது? தரையில் தேடினேன், ஒன்றுமில்லை. கிளை எதுவும் பந்தலைத் தொடவில்லை. மிச்சம்... சீரியல் பல்பு கட்டிய கயிறு! மரத்தில் ஒரு முனை, பந்தலில் மறுமுனை. அதில் எறும்புகள் ஆபீஸ் நேரத்து மெட்ரோ கூட்டம் போல வந்துகொண்டிருந்தன.

“பாலம் போட்டது நாமதான், காக்கு.”

“கயிறை அவிழ்க்கச் சொல்றியா? சாயந்திரம் லைட்டிங் பரிசுக்கு ஜட்ஜுங்க வர்றாங்கம்மா!”

“அவிழ்க்க வேண்டாம். ஏணியைப் பிடிங்க.”

எனக்கு வேலை கிடர்பூர் துறைமுகத்தில். கரையில் கட்டிய கப்பல் கயிறுகளில் வட்டத் தகடுகள் மாட்டியிருப்பார்கள், எலி ஏறாமல் இருக்க. எலிக்குத் தகடு என்றால் எறும்புக்கு கிரீஸ்! டப்பாவும் பழைய துணியுமாக ஏறினேன். பால்கனியிலிருந்து அம்மாவின் திருநெல்வேலிக் குரல் விழுந்தது.

“ஏட்டி, பட்டுச்சேல கட்டிக்கிட்டு ஏணில ஏறுதியே! கூறு இருக்கா ஒனக்கு?”

கயிற்றில் பல்பு இல்லாத இடமாகப் பார்த்து, அரைச் சாண் நீளத்துக்கு கிரீஸ் துணியைச் சுற்றினேன். கூட்டம் நின்றது. அப்பாடா என்றேன்... அவசரப்பட்டுவிட்டேன். ஒன்று முன்னால் எம்பியது. அதன் இடுப்பை இன்னொன்று கவ்வியது. சங்கிலி, கிரீஸைத் தொடாமலே நீண்டது.

கீழே காக்கு, வாய் பிளந்தபடி, “இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்தான்... ஆஹா, எட்டிடும் பாரு!”

“காக்கு, நீங்க யார் பக்கம்?”

எட்டியேவிட்டது. விடுவேனா? சங்கிலியைக் குச்சியால் மெல்ல விலக்கி, துணியை இரண்டு சாணுக்கு நீட்டினேன். கையில் நாலைந்து கடி. மறுபடி எம்பின, நீண்டன, தொய்ந்தன. கடைசியில் மரத்துக்கே திரும்பின. பந்தலில் மிச்சமிருந்தவற்றைப் பெருக்கி எடுத்து, மரத்தடியில் விட்டோம்.

மருந்து டப்பாவோடு வந்த ஆளைக் காக்குவே திருப்பி அனுப்பினார். “இந்த கிரீஸ் துணியால பரிசு போனாலும் போகட்டும், இதைப் பாத்தாச்சு” என்றார், கழுத்தைத் தடவிக்கொண்டே.

நீங்களும் இப்படி எதையாவது காப்பாற்றக் கிளம்பினால் ஒன்று செய்யுங்கள் — ஏணியைப் பிடிப்பவர் எந்தக் கட்சி என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்!