பாலத்துக்கு அடியில் ஒரு கூழாங்கல் பாதை

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் சுத்தியல் என்று பெயர். கேலிக்கு வைத்ததில்லை, தொழில் அப்படி. பாலங்களைச் சோதிப்பது அவர் வேலை. கான்கிரீட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே காதைத் தீட்டிக் கேட்பார். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். வீட்டிலும் கை சும்மா இருக்காது. சுவர், மேஜை, கடையில் வாங்கும் தர்பூசணி என்று ஒன்றையும் விடமாட்டார். அவர் தட்டிப் பார்க்காத ஒரே பொருள் என் தலை. அது என்ன சத்தம் போடும் என்று தட்டாமலே தெரியுமாம்.

பாலத் துறையில் இருபத்திரண்டு வருடம் இருந்தும் ஒரு பாலம்கூட அவர் கட்டியதில்லை. கட்டுகிறவர்கள் வேறு, இவர் குறை சொல்கிறவர். அதையும் யாராவது கேட்டால்தானே? அறிக்கை மேல் அறிக்கையாக எழுதுவார், எல்லாம் கிணற்றில் போட்ட கல். ஒரு பாலத்தின் தூணில் விரிசல் என்று ஆறு வருடம் விடாமல் எழுதினார். ஏழாவது வருடம் பாலம் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. மூடி, வெடி வைத்துத் தகர்த்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட இவரைத்தான் அனுப்பினார்கள். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

மனசு மாறட்டும் என்று கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் கம்ப்யூட்டரில் ஒரு போர் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். மனிதர் ஒரு துப்பாக்கியைக்கூடத் தொடவில்லை. அந்த விளையாட்டோடு மேப் எடிட்டர் என்று ஒன்று வருகிறது, சண்டை நடக்கிற இடத்தை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். மவுஸை அழுத்தித் தேய்த்தால் மேடு எழும்பும், வேறு பக்கம் தேய்த்தால் பள்ளம் விழும், பள்ளத்தில் தண்ணீர் விட்டால் ஆறு. அதன் மேல் பாலம் வைக்கலாம். அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தப் பைத்தியம்.

பாலம் வைப்பது சுலபமில்லையாம். இரண்டு கரையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு படி கூடக்குறைய இருந்தாலும் பாலம் பார்க்க ஜம்மென்று இருக்கும், டாங்கி மட்டும் ஏறாமல் அடியிலேயே சுற்றிச் சுற்றி வரும். ஒரு சரிவைச் சரிசெய்ய மூன்று சாயங்காலம் உட்காருவார். சாலை ஓரமெல்லாம் வடிகால் வெட்டி வைப்பார். அந்த விளையாட்டில் மழையே கிடையாது. அதை எடுத்துச் சொன்னதற்கு நாலு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

விளையாடுகிறவர்கள் வருடா வருடம் ஒரு போட்டி வைப்பார்கள். ரசிகர்கள் அனுப்பும் மேப்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதில்தான் இறுதி ஆட்டம். இவர் சுத்தியல் என்ற பெயரிலேயே மூன்று வருடம் அனுப்பினார். மூன்று வருடமும் திருப்பி அனுப்பினார்கள், ஒரே காரணம்தான். எடிட்டரில் ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால் எந்தக் குண்டுக்கும் பாலம் விழாது. இவர் எல்லாப் பாலத்துக்கும் டிக் போட்டிருந்தார். போட்டியின் நடுவர், கறாரான குரல்கொண்ட ஓர் அம்மாள், போனிலேயே சொல்லிப் பார்த்தார்.

"சார், பாலம் உடையணும். உடையாத பாலத்துல சண்டை எங்கிருந்து வரும்?"

இவர் முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார்.

நாலாவது வருட மேப்பில் ஒரே ஒரு பாலம், அதற்கும் டிக். எனக்குப் பொறுமை போய்விட்டது. அந்த டிக்கை எடுங்கள், இல்லாவிட்டால் கம்ப்யூட்டரை எடுத்துவிடுகிறேன் என்று கத்தினேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உடைச்சா திரும்ப யாரு கட்டுவா?"

மகள்தான் வழி சொன்னாள். பழுது பார்க்கும் கொட்டகை என்று ஒன்று எடிட்டரில் இருக்கிறதாம். கரையில் ஒன்று வைத்துவிட்டால் போதும். படையிலிருக்கும் ஓர் இன்ஜினியர் அதற்குள் நுழைந்தால் விழுந்த பாலம் மறுபடி எழுந்துவிடும். இதைக் கேட்டதும் இவர் முகம் தெளிந்தது. மவுஸ் அந்தக் கட்டத்துக்குப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. கடைசியில் டிக்கை எடுத்துவிட்டார்.

ஆனால் சுத்தியல் சுத்தியல்தானே. எல்லோரும் கொட்டகையைப் பாலத்தின் காலடியிலேயே வைப்பார்கள். இவரோ கரையோரம் வைத்தால் வெள்ளத்தில் போய்விடும் என்று, இரண்டு கரையிலும் தள்ளி மேட்டின் மேல் மரங்களுக்குப் பின்னால் வைத்தார். மழையே இல்லாத ஊரில் வெள்ளமாம். அதோடு விட்டாரா? பாலத்துக்கு அடியிலிருந்து கொட்டகை வரைக்கும் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்குக் கூழாங்கல் பாதை போட்டார். பாலத்தைச் சோதிக்கிறவன் அடியிலிருந்துதான் வருவான் என்றார். கல் கல்லாக வைக்க ஒரு வாரம் ஆயிற்று.

"இது யாரு கண்ணுல படப்போகுது?" என்றேன். அவர் அடுத்த கல்லை வைத்தார்.

இந்த முறை மேப்பை எடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்டர்நெட்டில் இறுதி ஆட்டம். மூன்று பேரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். ஆட்டம் முடியும்வரை மேப் போட்டவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. ஆடுகிறவர்கள் இரண்டே பேர், சிவப்புப் படை ஒருவருக்கு, நீலப் படை இன்னொருவருக்கு. இருபதாவது நிமிடம் சிவப்புப் படை பாலத்தைத் தகர்த்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டு பேரும் கரையோரம் கொட்டகையைத் தேடினார்கள், காணோம். இரண்டு படையும் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. பார்க்கிறவர்கள் திரையின் ஓரத்தில் வாய்க்கு வந்தபடி எழுத ஆரம்பித்தார்கள். மகள் வாசித்தாள்: கொட்டகை வைக்கவே மறந்துவிட்டான், எந்த மடையன் போட்ட மேப் இது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. என் வீட்டுக்காரரை மடையன் என்று சொல்ல நான் ஒருத்தி இருக்கிறேன், இவர்கள் யார்? அதற்குள், பத்து நிமிடத்தில் யாரும் ஆற்றைக் கடக்காவிட்டால் இந்த மேப்பை நீக்கிவிட்டு வேறொன்றில் ஆட்டம் என்று நடுவர் அறிவித்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வேறு பெயரில் நுழைந்து, மேட்டின் மேல் பாருங்கள் என்று ஒரு வரி எழுதிவிடட்டுமா என்று இவரிடம் கேட்டேன்.

"வேணாம்," என்றார். "பாதை போட்டிருக்கேன்ல."

மூன்று நிமிடம் பாக்கி. நீலப் படையின் இன்ஜினியர் ஒருவன் உடைந்த பாலத்துக்கு அடியில் இறங்கினான். நின்றான். பிறகு மெதுவாகத் திரும்பி மேடேறி மரங்களுக்குள் போனான். கொஞ்ச நேரம் ஆளைக் காணோம். திடீரென்று தண்ணீருக்கு மேல் பாலம் எழுந்தது. நீலப் படை கடந்துபோய் ஜெயித்துவிட்டது.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நடுவர் கேட்டார். ஜெயித்தது ஒரு பெண், ஜலதோஷம் பிடித்த குரல்.

"பாலத்துக்கு அடியில சின்னதா ஒரு கூழாங்கல் பாதை தெரிஞ்சுது. இவ்வளவு கஷ்டப்பட்டு ஒருத்தர் சும்மா போட்டிருக்க மாட்டாரேன்னு தோணுச்சு. அது போற வழியிலயே போனேன்."

அவள் பேசியதைத் திரும்பப் போடச் சொன்னார் என் வீட்டுக்காரர். மகள் போட்டாள். இன்னொரு தரம் என்றார். மூன்றாவது முறை கேட்கும்போது அவர் கண் நிறைந்துவிட்டது.

"இருபத்திரண்டு வருஷத்துல, நான் எழுதினத ஒருத்தர் படிச்சிருக்காங்க," என்றார்.

யார் கண்ணில் படப்போகிறது என்று கேட்டவள் நான்தானே. வெட்கமாக இருந்தது. நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பாதையை எனக்கும் காட்டச் சொன்னேன். பாலத்துக்கு அடியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கல்லாகக் காட்டினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு சாலையோரத்து வடிகால்களையும் காட்டினார். மழை எங்கே என்று நான் கேட்கவில்லை.