ஒன்பதாவது ஊர்

என் அக்கா புருஷன் இருபத்திரண்டு வருஷமாகச் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். எங்கள் கடற்கரையில் என்ன பார்க்கலாம் என்று கேட்டால் போதும், வாய் ஓயாது. பாறைக்குகை, உடைந்த கோட்டை, சங்கு அறுக்கிற ஊர் என்று வண்டி நகர்வதற்குள் பாதியைச் சுற்றிக் காட்டிவிடுவார். ஆனால் ஒன்றையும் அவர் பார்த்ததில்லை. பயணிகள் உள்ளே போனதும் வேனைத் திருப்பி நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். திரும்பி வருகிறவர்களிடம் "எப்படி இருந்துச்சு?" என்பார். அவர்கள் சொன்னதைத்தான் மறுநாள் பயணிகளுக்குச் சொல்வார்.

கலங்கரை விளக்கத்தில் டிக்கெட் கிழிப்பது நான். "மேல போங்க, ஒன்பது ஊர் தெரியும்" என்று என் முன்னாலேயே அளப்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொள்வேன்.

மனிதர் பிடிவாதக்காரர். மகள் தானாக ஒருவனைக் கட்டிக்கொண்டபோது, "நாப்பத்திரண்டு கிலோமீட்டர்! அவ்வளவு தூரத்துலயா மாப்பிள்ளை பாப்பாங்க? அந்த ஊர் ரோட்டுல என் வண்டி ஏறாது" என்று சொல்லிவிட்டார். பேத்தி பிறந்து நாலு மாதமாகியும் போய்ப் பார்க்கவில்லை. உள்ளுக்குள் அரித்துக்கொண்டுதான் இருந்தது. இல்லையென்றால் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு மட்டும் முன் சீட்டை ஏன் ஒழித்துக் கொடுக்கிறார்?

ஒரு வியாழக்கிழமை, மேலே போய்விட்டு வந்த பயணி ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். "எட்டு ஊர்தாங்க இருக்கு. நீங்க என்னைக்காவது ஏறிப் பாத்திருக்கீங்களா?"

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு டிக்கெட் கொடு" என்றார் என்னிடம்.

இந்த நேரத்தில் இவர் மேலே ஏறக் கூடாதே என்று கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்று ஆகப் போகிறது. "நூத்தி அறுபத்தெட்டு படி மாமா, மூட்டு வலிக்கும்."

"யாருக்கு, எனக்கா?" என்று ஏறிவிட்டார். கவுண்டரைச் சாத்திவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

மேலே கைப்பிடிக் கம்பியைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அத்தனை பேர் சொல்லியும் கடல் இவ்வளவு பெரியது என்று அவருக்குப் புரிந்திருக்கவில்லை. "இவ்வளவும் இங்கயேவா இருந்துச்சு?" என்றார் மெதுவாக. அவர் முகத்தைப் பார்த்தபோது, தினமும் பார்க்கிற எனக்கே எல்லாம் புதிதாகத் தெரிந்தது. அவர் ஓட்டித் தேய்த்த சாலை உப்பங்கழியைச் சுற்றிக்கொண்டு, பாலத்தைத் தேடி எங்கேயோ போய் வளைந்து திரும்பியது. விரலை நீட்டி எண்ணினார். எட்டுதான். விடுவாரா? கம்பியைச் சுற்றி வந்து, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஓட்டு வீடுகளும் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன.

"ஒன்பது! சொன்னேன்ல! அது எந்த ஊரு?"

மறைக்க முடியவில்லை. "உங்க மக ஊரு மாமா."

தோப்பைப் பார்த்தார். கழியைப் பார்த்தார். கழியின் இந்தக் கரையில் இருந்த தன் வீட்டைப் பார்த்தார். சாலையை மட்டுமே நம்பிய மனிதர், வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கழியின் நடுவில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு சிவப்புக் குடை, ஒரு பட்டை மட்டும் மஞ்சள். கிழிந்த இடத்தில் மஞ்சள் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தவர் மாமாதான்.

"உங்கக்கா வியாழக்கிழமை தையல் வகுப்புக்குல்ல போறா?"

"மக வீட்டுக்குப் படகுல பத்து நிமிஷம்தான் மாமா. உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

கத்துவார் என்று காத்திருந்தேன். படகு கரை சேர்ந்தது. தோப்புக்குள்ளிருந்து ஒரு பெண் தோளில் குழந்தையோடு ஓடி வந்தாள். குடை அந்தக் குழந்தையின் பக்கம் சாய்ந்தது. மாமாவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

கீழே இறங்கி, "ஒன்பதுதான், நானே எண்ணிட்டேன்" என்று அந்தப் பயணியிடம் சொல்லிவிட்டு வேனை எடுத்தார்.

அடுத்த வியாழக்கிழமை அக்கா படகுத்துறைக்குப் போனபோது, படகில் ஏற்கெனவே ஒருவர் பலகையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இவ்வளவு லேட்டாவா கிளம்புவே? பிள்ளை காத்துக்கிட்டு இருக்கும்ல" என்றார்.