மனைவியின் பசுவும் என் சைக்கிளும்

ஆண்டவரை நம்பியிருக்கும் சகோதர சகோதரிகளே, பொன்மலை ரயில்வே பட்டறையில் பிட்டராக இருக்கும் ஆசீர்வாதம் பேசுகிறேன். என் மனைவி ஞானம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், நான் எதையும் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள. அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

நான்கைந்து வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், எங்கள் ஒரே மகள் ஜெயமணி டைபாய்டில் விழுந்தாள். ஏழு வயது. காய்ச்சல் இறங்கவே இல்லை. ஒருநாள் என்னையே யாரென்று கேட்டாள். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தார். நேரே கோயிலுக்கு ஓடி, பீடத்தின் முன்னால் விழுந்தேன். "ஆண்டவரே, பிள்ளையைக் கொடுத்துவிடும். அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் பசுவைக் காணிக்கையாகக் கொண்டுவருகிறேன்" என்று கதறினேன்.

பிள்ளை பிழைத்தாள்! இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. முடியெல்லாம் கொட்டி, கால் துவண்டுபோயிருந்தது. நிறையப் பால் கொடுக்கச் சொன்னார் டாக்டர்.

இங்கேதான் சிக்கல். அந்தப் பசு ஞானம்மாளுடையது. அவள் அப்பா ஸ்ரீரங்கத்தில் வாங்கிக் கொடுத்தது. லட்சுமி என்ற பெயரோடு வந்தது. ஞானம்மாள் அதற்கு ரெபேக்காள் என்று பெயர் மாற்றினாள். ஆனால் லட்சுமி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும். பண்டிகை நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"என் பசுவைக் கொடுக்க நீங்க யாருங்க?" என்று எழுந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் ஒண்ணு வேண்டிக்கிட்டேன். உங்க சைக்கிளைக் கொடுக்கிறதா" என்றாள்.

என் சைக்கிள்! ஞாயிற்றுக்கிழமை நான் குளிக்கிறதுக்கு முன்னால் அது குளித்துவிடும். "நடக்க முடியாத பிள்ளையை இனி எதில கூட்டிட்டுப் போறது?" என்று நான் கத்த, "குடிக்கப் பாலுக்கு எங்க போறதாம்?" என்று அவள் கத்த, பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் திறந்துகொண்டது.

பயம் வேறு. கொடுக்காமல் விட்டு, காய்ச்சல் திரும்பி வந்துவிட்டால்? இருவரும் குருவானவரிடம் போனோம். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"நல்ல ஜோடிய்யா நீங்க! அடுத்தவங்க பொருள்ல தாராளம் காட்டியிருக்கீங்களே. பயப்படாதீங்க, ஆண்டவர் பிள்ளையை அடமானம் பிடிக்கிறவர் இல்லை. மனசிருந்தா அவங்கவங்களுடையதைக் கொடுங்க. இல்லேன்னா நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

நிம்மதியாகத்தான் போனோம். ஆனால் ஜெயமணி பாயில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் என் மனசு கரைந்தது. இவளையே திருப்பிக் கொடுத்தவருக்கு இரண்டு சக்கரம் பெரிசா?

பண்டிகையன்று, யாரிடமும் சொல்லாமல் சைக்கிளைத் துடைத்துக் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வாசலில் கூட்டம் விலகியது. பின்னால் ஞானம்மாள், இடுப்பில் பிள்ளை, கையில் லட்சுமியின் கயிறு. யாரும் அவளைக் கொடுக்கச் சொல்லவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அழுதும்விட்டோம்.

ஆராதனை முடிந்து வழக்கம்போல் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். சைக்கிளை எடுத்தவர் எங்கள் உபதேசியார். ஓட்டத் தெரியாது. அங்கேயே ஏறி, கோயில் மதிலில் கொண்டுபோய் மோதினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜெபம் பண்ணுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பசுவை எடுத்தவர் ரங்கசாமி, ஸ்ரீரங்கத்துக்காரர், பட்டறையில் என்னோடு வேலை பார்க்கிறவர், வேடிக்கை பார்க்க வந்தவர். லட்சுமி பழைய பெயரோடு ஸ்ரீரங்கத்துக்கே திரும்பிப் போயிற்று.

மறுநாள் காலை ரயிலில் வந்த ரங்கசாமி கையில் ஒரு தூக்குவாளி. நிறையப் பால்.

"குழந்தைக்குங்க" என்றார்.

"எதுக்குங்க இது?"

"நீங்க சாமிக்குக் கொடுத்த மாடு. அந்தக் குழந்தைக்குக் கொடுக்காம நான் மட்டும் குடிச்சா நல்லாவா இருக்கும்?"

அவள் தேறும்வரை அந்தத் தூக்கு நிற்கவில்லை. இதை நான் ஜெபத்தில் கேட்கவே இல்லை. எனக்குக் கேட்கத் தோன்றியிருக்காது.

சைக்கிள் இல்லாததால் ஜெயமணியைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப் போனேன். முதலில் நாலு வீடு தாண்டுவதற்குள் உட்கார்ந்துவிடுவாள், தூக்கிக்கொள்வேன். பிறகு தெருமுனை வரை. பிறகு ரயில்வே கேட் வரை. ஒருநாள் காலையில் என் கையை உதறிவிட்டு ஓடினாள். தூரத்தில் நின்று, "அப்பா, சீக்கிரம் வாங்க, பட்டறைச் சங்கு ஊதிரும்!" என்று கத்தினாள். எனக்கு மூச்சு வாங்கியது. நடுரோட்டில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். சைக்கிள் இருந்திருந்தால் அதன் பாரில் உட்கார்த்தி வைத்தே அவள் காலைக் கெடுத்திருப்பேன்.

இப்போது எங்கள் வீட்டில் "என்னுடையது" என்று யாராவது சொன்னால் மற்றவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நம்மிடம் இருப்பதெல்லாம் அவர் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவைத்திருப்பது. நீங்களும் பயப்படாமல் கொடுத்துப் பாருங்கள், அவர் கைவிட மாட்டார். ஒன்றே ஒன்று, கொடுக்கும்போது உங்களுடையதையே கொடுங்கள். ஞானம்மாள் தலையாட்டுகிறாள். ஆமென்.