விசிலுக்கும் எழாத தூக்கம்

பேருந்தில் அவள் "உள்ள போங்க" என்று ஒரு குரல் விட்டால், படிக்கட்டில் தொங்குகிறவன்கூட உள்ளே போய்விடுவான். அதே கண்டக்டரம்மா வீட்டில் வாயைத் திறந்தால் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அன்று காலை புருஷனும் ஐந்து வயது மகளும் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார்கள். இருவருக்கும் தலையில் அடி. அவனுக்கு நெற்றியில் தையல். மகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. காக்கிச் சட்டையோடு அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது, சொந்தபந்தம் மொத்தமும் அவன் கட்டிலைச் சுற்றி நின்றது. அவனும் முனகுவதில் குறை வைக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் மகள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"பெரியவங்களவிட சின்னப் பிள்ளைங்களுக்கு மூளை முழுசா வீங்குற ஆபத்து ஜாஸ்திம்மா. இப்ப நல்லா பேசுற பிள்ளைக்குக்கூட அப்புறமா ஆகலாம். தூங்கினா அப்பப்ப எழுப்பிப் பேச வைங்க. பதில் சரியில்லன்னா உடனே கூப்பிடுங்க."

மகள் கண் அயரும்போதெல்லாம் எழுப்பினாள். "டிக்கெட் எங்க?" என்றால் மகள் "பாஸ்!" என்று உள்ளங்கையை நீட்டுவாள், வீட்டில் தினமும் ஆடும் ஆட்டம். இரண்டு முறை நீட்டினாள். நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"பச்சப் பிள்ளைய ஏன் அண்ணி வதைக்கிறீங்க? தையல் போட்ட அண்ணனே சும்மா படுத்திருக்கு."

"டாக்டர் சொன்னாரு."

"விடேன், எனக்குத் தலை வலிக்குது" என்றான் புருஷன். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்கு அடி, யாருக்கு ஒப்பாரி!

மூன்றாம் முறை கை நீளவில்லை. கண் பாதி திறந்து மூடியது. உதட்டோரம் வாந்தி. "நர்ஸம்மா!" என்று கத்தினாள், யாரும் வரவில்லை. "மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள் நாத்தனார். கண்டக்டரம்மா தன் பையிலிருந்த விசிலை எடுத்து மூச்சு முட்ட ஊதினாள். ஆஸ்பத்திரியே திரும்பியது. மகள் மட்டும் அசையவில்லை.

டாக்டர் ஓடி வந்தார். மகளைத் தீவிர சிகிச்சைக்குத் தூக்கிப் போனார்கள். நாள்கள் போயின. வீக்கம் வடிகிறது, இனி கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

"டிக்கெட் எங்க?"

பதில் இல்லை. நெற்றிக் கட்டோடு நின்ற புருஷன் அவள் கையைப் பிடித்தான். "கேளு... இன்னொரு தடவ கேளும்மா."

அன்று "விடேன்" என்று எரிந்து விழுந்த அதே வாய். அவனை அறைந்தால் என்ன என்றிருந்தது. கையை உதறிவிட்டுக் குனிந்தாள்.

"டிக்கெட் எங்க, கண்ணு?"

போர்வைக்கடியில் ஏதோ நகர்ந்தது. சின்ன உள்ளங்கை ஒன்று, மெல்ல, வெளியே வந்து விரிந்தது.